காலி தெற்கே போகும்

உடைகுளத்தில் வெயில் ஆளைத் தட்டிவிடத் தொடங்கியது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு, குருவம்மா குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டுத் தங்கச்சி சொர்ணக்கிளியைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில். அதற்கு முன்னாலும் இந்த ஊர் வெயில் ஆளைக் கறுக்க வைத்திருக்கிறது, மயக்கம் போட வைத்திருக்கிறது, வற்றலைக் கல்லாக்கியிருக்கிறது, ஆனால் நின்ற இடத்திலிருந்து ஒருத்தியைச் சுண்டிவிட்டதில்லை.

ஊரைச் சுற்றி ஏழு மைலுக்குக் கறுப்புக் கண்ணாடி. முன்பு சீமைக்கருவேலம் நின்ற இடம் அத்தனையும் இப்போது தெற்கே பார்த்துச் சாய்ந்து கிடக்கும் சோலார் பேனல். நடுவில், பதிக்க மறந்துபோன ஒரு சதுரம் மாதிரி உடைகுளம். ஊருக்குள் இரண்டே தெரு. வடக்குத்தெரு வீடுகளில் என்றைக்கும் ஓர் ஆள் கூடுதல், உட்கார இடம் போதாமல் ஒருவன் நின்றுகொண்டே சாப்பிடுவான். தெற்குத்தெரு வீடுகளில் என்றைக்கும் ஓர் ஆள் குறைச்சல், கட்டிலின் நாலாவது காலைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும். ஊர் உண்டான காலத்தில், நடுவிலிருக்கும் பொட்டலைத் தாண்டி, வடக்குத்தெருவின் ஓரத்து வீடுகளிலிருந்து கூடுதல் பையன்கள் தெற்குத்தெருவின் ஓரத்து வீடுகளுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார்கள். கொடுத்தவர்களுக்கு ஏக்கமும் வாங்கியவர்களுக்கு விறைப்பும் வந்து, இரண்டும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றதில் பொட்டலில் ஒரு காற்று பிறந்தது, பிறந்த காற்று அதற்கப்புறம் ஒரு மாப்பிள்ளையைக்கூடத் தாண்ட விடவில்லை. அது ஆளை வடக்கே தள்ளும், ஆளில்லாத இடத்தைத் தெற்கே தள்ளும். ஒரே காற்று எப்படி ரெண்டு பக்கமும் அடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உடைகுளத்துக்காரர்கள் கேட்டதில்லை, கொடியில் துணி எப்போது காயும் என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

குருவம்மாவின் வீடு தெற்குத்தெருவில் முதல் வீடு, பொட்டலுக்கு முதுகைக் காட்டியபடி. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தங்கச்சியும்தான். அக்காவுக்குப் பிளாண்டில் பேனல் துடைக்கும் வேலை, விடிகாலை நாலரைக்குப் போய், கண்ணாடி சூடேறுமுன் ஏழரைக்கெல்லாம் துடைத்து முடித்துத் திரும்பிவிட வேண்டும். தங்கச்சிக்கு வீட்டில் தையல் மிஷின். அன்றைக்குச் சண்டை திருப்பூர் பற்றி. சொர்ணக்கிளிக்கு இருபத்திரண்டு வயது, பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று ஒரு வாரமாக ஒரே பாட்டு. போனால் இந்த வாசலை மிதிக்காதே என்று அக்கா சொல்லி முடிக்கவும், தங்கச்சி மிஷினை விட்டு எழுந்து கொடியில் கிடந்த ரவிக்கையை எடுக்க வெளியே போகவும், வெயிலில் ஒரே ஒரு மணி, அரிசி மணி அளவு, வெள்ளை வெளேரென்று, உச்சியிலிருந்து வந்து அவள்மேல் விழவும் சரியாக இருந்தது. கேரம் காய் காயில் பட்ட மாதிரி டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சொர்ணக்கிளியின் பாதம் மண்ணைவிட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது, காற்று அவளை வாங்கிக்கொண்டது.

"அக்கா, தள்ளுதுக்கா" என்றாள், பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்வதைப் போல.

குருவம்மா கரண்டியோடு ஓடினாள். பொட்டல் விளிம்பில் காற்று அவளை விட்டது, தங்கச்சியை மட்டும் விடவில்லை. தங்கச்சி பொட்டலைக் கடந்து, வடக்குத்தெருவைக் கடந்து, தெருமுனையில் நிற்கும் உயரக் கரண்டுக் கம்பிக் கோபுரத்தின் அடியில் சிறிதாகி, கம்பியோடு கம்பியாய்ப் போய்ச் சேர்ந்தாள். திரும்பி வந்து பார்த்தால் தையல் மிஷினின் முன்னால், முதுகை வளைத்து, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது சொர்ணக்கிளி இல்லாத இடம். அதன்மேல் தூசி படியவில்லை, ஈ அதைச் சுற்றிக்கொண்டு போனது, மிஷின் ஊசியிலிருந்து தொங்கிய நூல் அந்த இடத்தில் மட்டும் யாரோ பிடித்தாற்போல விறைத்து நின்றது. ஊரில் பிற்பாடு இதற்குக் காலி என்று பெயர் வந்தது.

அந்த வாரத்துக்குள் வெயில் இன்னும் ஐந்தாறு பேரைத் தட்டிவிட்டது, ஊரும் பழகிக்கொண்டது. காலைச் சிவப்பு வெயிலும் சாயங்காலச் சிவப்பு வெயிலும் எவ்வளவு கொட்டினாலும் யாரையும் அசைப்பதில்லை, நடுப்பகல் வெள்ளை வெயிலுக்குத்தான் அந்தப் பலம், ஒரு வெயில்மணிக்கு ஓர் ஆள், அதற்குமேல் மிச்சமிருக்கும் பலமெல்லாம் அந்த இடத்து மண்ணில் சூடாகிக் கிடக்கும் என்பதையெல்லாம் ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். பஞ்சாயத்து ஆட்டோ, மூக்கடைத்த குரலில், பொதுமக்கள் கவனத்திற்கு, பத்து மணி முதல் மூன்று மணி வரை அவசியமின்றித் தட்டுப்பட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று இரண்டு தெருவையும் சுற்றியது. நர்ஸம்மா வந்து ஆளுக்கு இரண்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, போகிற வழியில் கலக்கிக் குடிக்கணும் என்ன என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். கிராம உதவியாளர் எங்கேயும் சேராத இந்த விஷயத்தை 'வெயில் வழியாக வெளியூர்' என்று பதிவேட்டில் ஒரு கட்டத்தில் எழுதி, கட்டத்துக்குப் பொருந்திவிட்ட சந்தோஷத்தில் வெற்றிலை போட்டார். தெற்குக் கடைசியில் டீக்கடை வைத்திருக்கும் இருளப்பன், எங்க காலத்துல வெயில் இப்படி இல்லப்பா, மரியாதையா இருந்துச்சு என்று இழுத்து இழுத்துச் சொல்லி டீயை ஆற்றினார்.

காலியை என்ன செய்வது என்பதற்கு ஊரில் யாரும் யோசிக்கவில்லை, அவர்களுடைய வழக்கமே அதைப் பார்த்துக்கொண்டது. உடைகுளத்தில் பரிமாறிய தட்டு ஆளில்லாமல் இருக்கக்கூடாது. யாருக்குப் போட்டோமோ அவர் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாவது அந்தச் சோற்றைத் தின்ன வைத்துவிட வேண்டும். தெற்குத்தெரு மூன்றாம் வீட்டில் டிராக்டர் ஓட்டும் சடையாண்டி தட்டுப்பட்டுப் போன அன்று, அவன் பெண்டாட்டி கைப்பழக்கத்தில் தட்டைப் போட்டுவிட்டாள், போட்ட பிறகுதான் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நாலாம் வீட்டுக்காரனைக் கூப்பிட்டாள். அவன் வந்து, சடையாண்டி இல்லாத இடத்தில் உட்கார்ந்து, முதல் கவளத்தில் தன் பேரை மறந்தான், ரசத்தில் சடையாண்டியின் இடது தோள் குலுங்கல் அவனுக்கு வந்தது, மோர்ச்சோற்றில் சாவி எங்கடி வச்ச என்று கேட்டான். இப்போது காலி நாலாம் வீட்டில். நாலாம் வீட்டுக்காரி தட்டைப் போட்டு ஐந்தாம் வீட்டில் ஆள் கூப்பிட்டாள். இப்படியே ஒவ்வொருவராக வடக்கே ஒரு வீடு தள்ளி உட்கார, காலி தெற்கே ஒவ்வொரு வீடாக இறங்கி, விளக்கு வைக்குமுன் இருளப்பன் கடை வரைக்கும் போய்விட்டது. பொட்டலில் அதைத் தள்ளக் காற்று இருக்கிறது. தெருவுக்குள் காற்றுக்குப் பலமில்லை, தெருவுக்குள் காலியை நகர்த்தியது சோறுதான்.

மூன்றாம் நாள் தெற்குச் சாலை வழியாக வரும் பஸ்ஸிலிருந்து ஓர் ஆள் இறங்கினான். வடக்கே போன ஆட்களெல்லாம் திரும்பி வருவது தெற்கு வழியாகத்தான், பொட்டல் காற்றை எதிர்த்து நேராக யாரும் வர முடியாது. கண்ணில் ஒளி இல்லை, தொட்டால் பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி, எங்கேயோ எதற்கோ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்த உடம்பு. கடை வாசலில் நின்ற காலிக்குள் பள்ளத்தில் கால் வைத்தவன் போல விழுந்தான், விழுந்த நிமிஷத்திலேயே அந்த வீட்டு ஆளாகி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சர்க்கரை தூக்கலா ஒண்ணு என்றான். ஆள் எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஊருக்கு அது போதும். ஒரு வீடு தள்ளி வந்த புருஷனை வைத்துக்கொண்டு சடையாண்டி பெண்டாட்டி முன்னைவிடச் சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

இதையெல்லாம் குருவம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த அன்றே அடுப்பை அணைத்தாள். தட்டை எடுத்துக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்குழவியை வைத்தாள். பிளாண்டுக்குப் போகிற வழியில் இரண்டு பன், வருகிற வழியில் ஒரு டீ, வீட்டுக்குள் ஒரு பருக்கை கிடையாது. இரண்டாம் வீட்டுப் பஞ்சவர்ணம் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ராக்காயி என்று ஒரு மகள் உண்டு, சொர்ணக்கிளி வயசுதான்.

"ஒரு வாய் போடு குருவு. எம்மவ வந்து உக்காருவா. ஒரு வேளைச் சோறு, ஒனக்குத் தங்கச்சி ஆச்சு. எனக்கு அஞ்சு வீடு தள்ளி ஒருத்தி வந்துட்டுப் போறா."

"எனக்கு ஒருத்தி வேணாம். அவதான் வேணும்."

"அவ மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சவளா? திருப்பூருக்குப் போறேன்னு ஒன்ன நாய் மாதிரி குலைக்க வச்சவதான?"

"ஆமா. அந்த நாய்க்கு அவதான் வேணும்."

பஞ்சவர்ணம் போய்விட்டாள். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை, ஏனென்றால் பொட்டலிலிருந்து தெருவுக்குள் நுழைய ஒரே வாசல் குருவம்மாவின் வீடுதான். பொட்டலைக் கடக்கும்போது தட்டுப்பட்ட ஆடு மேய்ப்பவனுடைய காலியும், தபால்காரருடைய காலியும், வடக்குத்தெருவில் தட்டுப்பட்ட இன்னும் நாலு பேருடைய காலியும் காற்றில் சறுக்கி வந்து, உள்ளே நகர வழியில்லாமல், அவள் வீட்டுப் பின்சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. இந்தப் பக்கம் தெற்குக் கடைசியில் காலி இல்லை. பஸ் வந்தது, ஜன்னலில் மங்கிய முகங்கள் தெரிந்தன, இறங்க இடமில்லாமல் அப்படியே போயின. எல்லோரையும்விட இது குருவம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு கண்ணாடியில் காக்காய் எச்சம் விழுந்து காய்ந்தால் அந்த வரிசை முழுவதும் சோர்ந்துபோகும் என்று பதினோரு மாதமாகத் துடைத்துத் தெரிந்துகொண்டவள் அவள். இப்போது தெருவில் அவளே அந்த எச்சம். தபால்காரர் மனைவி வந்து திட்டவில்லை, வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் விடிகாலை, டேங்கர் தண்ணீரைப் பீய்ச்ச, நீளக் கம்பு வைப்பரால் கண்ணாடியை வழித்துக்கொண்டே அவள் பிளாண்டு இன்ஜினியரிடம் கேட்டாள். கவின்ராஜ் என்று பெயர், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன், கழுத்தில் அடையாள அட்டை, யாரைப் பார்த்தாலும் ஒரு ங்க. இந்தக் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று இதுவரை எந்தத் துடைக்கிற அம்மாவும் அவனிடம் கேட்டதில்லை, அதனால் பொங்கிவிட்டான். வெளிச்சம் தண்ணி மாதிரி ஒழுகறதில்லைங்க, மணி மணியாத்தானுங்க வருது, ஒரு மணி ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடுதுங்க, அது இருந்த இடம் காலியாகுதுங்க, நடுவுல ஒரு எல்லை இருக்குதுங்க, அது எலக்ட்ரானை அந்தப் பக்கமும் காலியை இந்தப் பக்கமும் தள்ளிடுதுங்க. தள்ளிவிட்டது நேரா திரும்பி வர முடியாதுங்க, கம்பி வழியா ஊரெல்லாம் சுத்தித்தான் வரணும், அந்தச் சுத்துலதானுங்க லைட் எரியறது, ஃபேன் ஓடறது, எல்லாமே. சுத்தி வந்து இந்தக் கடைசியில காலிக்குள்ள உழுந்துரும்ங்க. அவ்வளவுதானுங்க கரண்டு.

"தம்பி, வீட்டுக்குத் திரும்பத்தான் அது அவ்வளவு தூரம் சுத்துதா?"

"அப்படியும் வெச்சுக்கலாமுங்க."

"போனதேதான் திரும்பி வருமா?"

கவின்ராஜ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "எலக்ட்ரானுக்குப் பேரெல்லாம் இல்லீங்களே அக்கா. எது வந்து உழுந்தா என்னங்க, காலி ரொம்பிச்சுன்னா சரி."

அவள் வைப்பரைச் சாய்த்து வைத்தாள். சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினாள், தனக்கு வேண்டிய பாதியை. காலி கடைசிக்குப் போனால்தான் ஆள் வரும். அப்படியானால் சொர்ணக்கிளியின் காலியை, யாரும் நிரப்பாமல், அப்படியே முழுசாகக் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால்? வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டால்?

அன்று பகல் அவள் குழவியை எடுத்துவிட்டுத் தட்டை நிமிர்த்தினாள். சோறு வடித்து, அதன்மேல் சொர்ணக்கிளிக்குப் பிடிக்காத கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, ஏனென்றால் வீட்டில் அதுதான் இருந்தது, தட்டை இரண்டு கையிலும் ஏந்தி மிஷினுக்கு முன்னால் நின்று பின்பக்கமாக ஓரடி வைத்தாள். காலி தலையை நிமிர்த்தியது. இன்னும் ஓரடி. அது எழுந்து, தானியத்துக்கு வரும் கோழி மாதிரி தட்டைப் பார்த்தபடி வந்தது. அப்புறம் தெற்குத்தெரு இதுவரை செய்யாத காரியத்தைச் செய்தது: பதினான்கு வீட்டிலும் பரிமாறிய தட்டு ஒன்று வாசலில் போவதைப் பார்த்தும் யாரும் கையை நீட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை, பெரியவர்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள், தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்தினார்கள், பஞ்சவர்ணம் மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றாள், தெரு முழுவதும் பசியோடு மூச்சைப் பிடித்திருக்க, தோளில் இடுக்கிய குடைக்குள் தலையை ஒடுக்கிய ஒரு பெண் பின்பக்கமாகவே நடக்க, அவளுக்கு முன்னால் ஒருத்தியின் இல்லாமையும், அதன் பின்னால் தேங்கி நின்ற ஆறு காலியும், பொட்டல் வழி திறந்துவிட்டதால், ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே போயின. தபால்காரர் மனைவி மட்டும் தன் வீட்டுக்காரருடைய காலியை அடையாளம் கண்டு அதற்கு வணக்கம் சொன்னாள்.

இருளப்பன் கடை வாசலில் ஏற்கெனவே ஒரு காலி நின்றது, அவருடைய மூத்த மருமகளுடையது, அன்று பத்தரை மணிக்குத்தான் தண்ணீர் எடுக்கப் போய்த் தட்டுப்பட்டாள். குருவம்மா அதற்கு முன்னால் தட்டை வைத்தாள். பஸ்ஸின் படி வந்து நிற்கும் இடத்துக்கும் தங்கச்சியின் காலிக்கும் நடுவே ஒரு முழ இடம்கூட விடவில்லை. அது நியாயமில்லை, முந்தி வந்து நின்ற காலிதான் முதலில் என்று இருளப்பன் முனகினார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் டீயை இன்னொரு தடவை ஆற்றினார்.

மூன்று மணிக்குப் பஸ் வந்தது. முதலில் இறங்கியது ஒரு பெண், நெடுநெடு என்று, இரண்டு பக்கமும் மூக்கு குத்தியவள், எந்த ஊர்க்காரியோ. படியிலிருந்து கால் எடுத்து வைத்தாள், நேராகச் சொர்ணக்கிளியின் காலிக்குள் விழுந்தாள்.

இரண்டாவதாக இறங்கியது சொர்ணக்கிளி.

குருவம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு முழம்தான். தங்கச்சியின் கண் அக்காவின் முகத்தில் பட்டு, எங்கேயோ பார்த்த முகம் என்று ஒரு கணம் தங்கி, புருவம் நெரிய, வாய் திறக்க, அதற்குள் அடுத்த அடி மூத்த மருமகளின் காலிக்குள் இறங்கிவிட்டது. இறங்கியதும் முந்தானையை இழுத்துச் செருகினாள். அடுப்படிக்குப் போய்ப் பால் பொங்குவதை இறக்கினாள். என்ன மாமா, ஆளில்லன்னா பாலக் காவு குடுத்துருவீகளா என்று இருளப்பனை அதட்டினாள்.

"சொர்ணம்" என்றாள் குருவம்மா. "கிளி. ஏய்."

"யாருத்தா நீ? டீயா, காப்பியா?"

பின்னால் யாரோ முழங்கையைத் தொட்டார்கள், குளிர்ந்த கை. "அக்கா, வீட்டுக்குப் போவமா? பசிக்குது" என்றாள் இரண்டு பக்கமும் மூக்கு குத்தியவள். கீழே கிடந்த தட்டை எடுத்து, கத்தரிக்காய்க் குழம்பை வழித்துச் சாப்பிட்டாள், விரலைச் சப்பினாள்.

ஊருக்கு நிம்மதி. மிச்சமிருந்த ஆறு காலியும் இரண்டு நாளில் நிரம்பின. தபால்காரர் வீட்டுக்கு யாரோ ஒரு தபால்காரர் வந்துவிட்டார், அந்த அம்மாள் கோலத்தை இரண்டு புள்ளி கூட்டிப் போட்டாள். புதுச் சொர்ணக்கிளி நன்றாகத் தைத்தாள், பழையவளைவிட நேர்த்தி, திருப்பூர் என்ற பேச்சே கிடையாது, அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை, விடிகாலை அக்கா கிளம்புமுன் எழுந்து தண்ணீர் காய வைத்தாள். நீ கொடுத்து வச்சவடி என்று பஞ்சவர்ணம் ஊர்க்குரலில் சொன்னாள். குருவம்மாவுக்குத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தினமும் இருளப்பன் கடைக்குப் போய் ஒரு டீ சொல்லி, அது ஆறி ஏடு படியும் வரை உட்கார்ந்து, மூத்த மருமகளைப் பார்த்துவிட்டு வந்தாள். நாலாம் நாள் மூத்த மருமகள் மாமனாரிடம், அந்தம்மாவ இனி உக்கார விடாதீக, பார்வை சரியில்ல என்று இவள் காதுபடச் சொன்னாள்.

அன்று ராத்திரியெல்லாம் யோசித்துக் குருவம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். காலி நிரம்பியதுதானே தப்பு. நிரம்பியதை மறுபடியும் தட்டிவிட்டால் காலி கிடைக்கும். காலி கிடைத்தால் எதையாவது செய்யலாம். அடுத்த நாள் பதினொரு மணிக்கு, ஆட்டுப் பட்டியிலிருந்து எரு அள்ளி வரலாம் வா என்று சொல்லி, அந்தப் பெண்ணைக் குடையில்லாமல் பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மண் கொதித்தது. தூரத்தில் ஏழு மைல் கண்ணாடியும் கறுப்பாக வானத்தைக் குடித்துக்கொண்டு கிடந்தது.

"இங்கயே நில்லு. வந்துர்றேன்."

பெண் நின்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஓடுகிற அக்காவைப் பார்த்து, "வெயிலா இருக்குக்கா, முந்தானையத் தலையில போட்டுக்கங்க" என்றாள்.

குருவம்மா திரும்பினாள். இவளுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், அங்கே ஒரு காலி இருந்திருக்கும், அதற்கு முன்னால் ஒருத்தி அடுப்பை அணைத்துத் தட்டைக் கவிழ்த்திருப்பாள். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பிப் போய் அந்தக் கையைப் பிடித்து இழுக்க அவளுக்கு இரண்டு மூச்சு நேரம் பிடித்தது, அந்த இரண்டு மூச்சும் அவள் வேண்டுமென்றே நின்ற நேரம். அப்புறம்தான் ஓடினாள். ஓடி, மணிக்கட்டைப் பிடித்த அந்த இடத்தில், இரண்டு பேர் சேர்ந்து நின்ற இடத்தில், ஒரே ஒரு மணி விழுந்தது. ஒரு மணிக்கு ஓர் ஆள்தான்.

டக்.

பெண்ணின் கால் மண்ணில் நின்றது; குருவம்மாவின் கால்தான் மண்ணை விட்டது. காற்று முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ள, அவள் வடக்குத்தெருவைக் கடந்து, கோபுரத்தில் ஏறி, கம்பிக்குள் போனாள். அங்கே பறப்பதெல்லாம் இல்லை. முன்னால் போகிறவர் முதுகில் கை, பின்னால் வருகிறவர் கை தன் முதுகில், நத்தை ஊர்கிற வேகத்தில் ஒரு கூட்டம், யாரும் பேசாமல், யாரும் நிற்காமல், காட்டைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, ஊர் ஊராகப் பிரிந்து, பெயர் தெரியாத ஒரு நகரத்தில் எட்டாம் மாடிக்கு ஒரு லிஃப்டைத் தூக்கி, தூங்கும் குழந்தைக்கு மேல் ஒரு விசிறியைச் சுற்றி, ஒரு ஜவுளிக்கடையின் முகப்பில் யாரும் பார்க்காத ஒரு மஞ்சள் பல்பில் எரிந்து, ஒவ்வொரு இடத்திலும் உடம்புச் சூட்டில் கொஞ்சத்தைக் கழற்றிக் கொடுத்து, கொடுத்ததோடு ஒரு பெயர், ஒரு சண்டை, ஒரு முகம் என்று ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் வீடு என்ற ஒரே ஒரு இழுப்பு மட்டும் மிஞ்சி, அது எந்த வீடு என்பது மிஞ்சாமல், தெற்குச் சாலையில் வரும் ஒரு பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இருளப்பன் கடை வாசலில் ஒரு காலி நின்றது. அவருடைய இளைய மருமகள் மூன்று நாள் முன்னால்தான் தட்டுப்பட்டுப் போயிருந்தாள். படியிலிருந்து கால் எடுத்து வைத்தவள் அதற்குள் விழுந்தாள், எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

பொட்டலோரத்து முதல் வீட்டில், குருவம்மா இல்லாத இடத்துக்கு முன்னால் அந்தப் பெண் தட்டைப் போட்டாள், பஞ்சவர்ணமே வந்து உட்கார்ந்து குருவம்மா ஆனாள். அந்த அக்காவும் தங்கச்சியும் இன்றுவரை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஒரே சோப்பைப் பயன்படுத்துகிறார்கள், ஒரே பக்கம் தலைவைத்துத் தூங்குகிறார்கள். அக்கா தங்கச்சின்னா அப்படி இருக்கணும் என்று தெருவில் பேச்சு.

இருளப்பன் வீட்டு மருமகள்கள் அப்படியில்லை. மூத்தவளுக்கு இளையவளின் மூச்சுவிடுகிற சத்தமே ஆகாது, இளையவளும் விட்டுக்கொடுப்பவள் இல்லை. ஐப்பசியில் ஒருநாள், மொட்டை மாடியில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்க, கிழக்கே மேகம் கூடியது. அள்ள வேண்டியது உன் முறை என்று ஒருத்தியும், என் முறை நேற்றே போயிற்று என்று ஒருத்தியும் படிக்கட்டில் நின்று தொடங்கியது, தூற்றல் விழும் வரை நீண்டது. மிளகாய் நனைந்தது. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். இளையவள் ஏதோ புத்தி சொல்லப் போக, மூத்தவள் சாக்கை வீசி எறிந்தாள்.

"எனக்குப் புத்தி சொல்ல நீ யாருடி? நீ எனக்கு யாரு?"

இளையவள் வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு பதில் தொண்டை வரைக்கும் வந்த மாதிரி இருந்தது. அது என்ன என்று தேடினாள், மழையில் நின்றபடியே தேடினாள், கிடைக்கவில்லை.

"யாருமில்லக்கா" என்றாள். குனிந்து, நனைந்த மிளகாயைச் சாக்கில் அள்ளத் தொடங்கினாள்.